ஓங்கிய மட்டை

மலைமேல் இருந்த இடுகாட்டை மட்டம் தட்டி கோல்ஃப் மைதானம் போட்டவர் தீர்த்தகிரி. ஒரு சாயங்காலம், விருந்தாளிகள் எதிரில், புல் வெட்டும் அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"உன் புருஷன் சமாதி ஒண்ணுதான் மிச்சம். இருட்டுறதுக்குள்ள நீயே இடிச்சுடு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

"இடிச்சுடறேங்கய்யா. அதுக்கு முன்னால, எல்லாரும் மெச்சுற உங்க வீச்சைப் பாக்கணும். மட்டையை ஓங்கி, ஓங்கினபடியே அசையாம நில்லுங்க."

தீர்த்தகிரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இடது கையை நேராக நீட்டி, முதுகு பந்து விழவேண்டிய குழியைப் பார்க்கத் திரும்பி, மட்டை தலைக்குப் பின்னால் தரைக்குச் சமமாகப் படுத்திருக்க, சிலை மாதிரி நின்றார். மூடுபனி இறங்கியது.

"அசையாதீங்கய்யா," என்றாள் அங்கம்மா மெதுவாக. "மட்டை நுனியை என் வீட்டுக்காரரு பிடிச்சிருக்காரு. இறக்கினா கூடவே வந்துருவாரு."

அந்த நுனி தீர்த்தகிரியின் கண்ணுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் துணிச்சல் வரவில்லை.

"சமாதியை யாரும் தொடமாட்டாங்க! விடச் சொல்லு!" என்று அத்தனை பேர் முன்னாலும் அலறி, மட்டையை விட்டுவிட்டு ஓடினார்.

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது பச்சைப் பொய். ஆனால் பனிக்குள் நிமிர்ந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு உறைந்துபோனது.

மட்டை இன்னும் தரையில் விழவில்லை.