அனுப்பாத விடை

"மூணு மாசமா கம்ப்யூட்டர்ல வெறும் பதிவு வரிகளையே பார்த்துட்டிருக்கேன் மேடம். ஒரு திருடனைக்கூடப் பிடிக்கல" என்றாள் மரகதவல்லி.

அருப்புக்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரி. கணினிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. மரகதவல்லிக்கு நாற்பத்துநான்கு வயது. மூடிப்போன நூல் மில்லிலிருந்து வந்தவள். ஆசிரியை ஃபர்ஹானாவுக்கு இருபத்தெட்டு.

ஃபர்ஹானா, கல்லூரிக் கணினிக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற தினசரிப் பதிவை எடுத்து அவள் முன் வைத்தாள்.

நான்காம் நாள் மரகதவல்லி ஓடி வந்தாள்.

"பிடிச்சுட்டேன்! ஜெபசீலின்னு ஒரு பொண்ணு, போன வருஷமே படிப்பை விட்டுட்டா. அவ பேர்ல இருக்கற கணக்குல தினமும் மத்தியானம் யாரோ உள்ளே வர்றாங்க."

"வந்து என்ன எடுத்தாங்க?"

மரகதவல்லி திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

எதையும் எடுக்கவில்லை. ஒன்பதாம் பாடத்தைத் திறந்து, பயிற்சிக்கு விடை எழுதி, அனுப்பாமல் அழித்திருந்தார்கள். மறுநாளும் அதே.

அனுப்பினால்தான் பத்தாம் பாடம் திறக்கும். அனுப்பினால் ஆசிரியருக்குப் பெயர் தெரிந்துவிடும்.

பழைய வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்.

"நான்தான்க்கா. பாப்பா தூங்குற நேரத்துல போன்ல பார்ப்பேன். எதையும் கெடுக்கல. அதைத் திறந்தா வகுப்புல உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும்."

தறிச் சத்தத்துக்கு மேலே அவளே கேட்டாள்.

"மூடிடுவீங்களாக்கா?"

மரகதவல்லி போனை வைத்துவிட்டு ஃபர்ஹானாவிடம் போனாள்.

"அந்தப் பொண்ணேதான் மேடம். விட்டுடலாமே."

"விட்டுப் போனவங்க கணக்கு திறந்து கிடக்கலாமா?"

"கூடாது."



மரகதவல்லி கணினி முன் உட்கார்ந்தாள்.  அந்தக் கணக்கை மூடினாள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லாமல் போயிற்று.

"இதுக்கா மேடம் இந்த வேலைக்கு ஆசைப்பட்டேன்?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபர்ஹானா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள்.

சேர்க்கை விண்ணப்பம்.

மரகதவல்லி அதை வாங்கிப் பார்த்தாள்.

"கைக்குழந்தைக்காரி மேடம். எப்படி வருவா?"

"மூடினது நீங்கதானே. நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க, குழந்தையைத் தூக்கிட்டே வரச் சொல்லி."