எட்டு மூளை சிப்

ஒரு காட்டில் யானை ஒன்று டிவிக்கான செட்டாப் பாக்ஸ் செய்து விற்றுவந்தது. பெட்டி யானையுடையது. உள்ளே வைக்கும் சிப் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும்.

"யாரோட சிப் நல்லா இருக்கோ, காடு முழுக்க அவங்களுக்குத்தான் ஆர்டர். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குக் கொண்டுவாங்க, போட்டுப் பார்த்துடலாம்" என்று யானை அறிவித்தது.

கீரிக்குச் சோறு இறங்கவில்லை. அதன் சிப் பட்டறையில் பன்னிரண்டு கீரிகள் வேலை செய்தன. ஒரு வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. இந்த ஆர்டரும் கைநழுவினால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

எதிர் மரத்தில் மரங்கொத்தியின் பட்டறை. கீரி பூனைபோல் நடந்துபோய் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. மரங்கொத்தியின் சிப்பில் நான்கு மூளை! ஓடிவந்து தன் சிப்பில் ஆறு வைத்தது. மறுநாள் மரங்கொத்தி இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஏழு வைத்தது. கீரி எட்டாக்கியது. மரங்கொத்தியின் சிப் வானிலை சொன்னது. கீரி விடுமா? தன் சிப்பை ராசிபலன் சொல்லவைத்தது.

பெருச்சாளியும் போட்டிக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது கீரிக்குச் சிரிப்பு வந்தது.

"அது சிப்புல எத்தனை மூளையாம்?"

"ஒண்ணுதானாம் முதலாளி."

"பாவம், ஆசைக்கு வந்துட்டுப் போகட்டும்" என்று கீரி பெரிய மனசு பண்ணியது.

வெள்ளிக்கிழமை மாலை யானை வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. மூன்று டிவியிலும் ஒரே நாடகம் ஓடியது. மான் மருமகள் மாமியாரைக் கேட்க வேண்டியதைக் கேட்க வாய் திறந்தாள். கரண்ட் போய்விட்டது. அந்தக் காட்டில் அது தினப்படி நடப்பதுதான். சற்று நேரத்தில் திரும்பி வந்தது.

மரங்கொத்தியின் சிப் முதலில் வானிலை சொல்லத் தொடங்கியது. கீரியின் சிப்பில் எட்டு மூளைகளும் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்தன. "வணக்கம்" என்றது டிவி. "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது. ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, யானையின் ராசிக்கு இன்று பொறுமை தேவை என்றது.

பெருச்சாளியின் சிப்போ, மின்விசிறி வேகமெடுப்பதற்குள் மருமகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கூட்டம் முழுக்க அந்த டிவி முன்னால் நகர்ந்தது. மருமகள் நறுக்கென்று கேட்டாள். யானை காதால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"ஆர்டர் பெருச்சாளிக்கு" என்றது, டிவியிலிருந்து பார்வையை எடுக்காமலே.

கீரி எழுந்து வெளியே வந்தது. பட்டறையில் காத்திருக்கும் பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது? வாசலில் பெருச்சாளியை நிறுத்தியது.

"ஒத்த மூளையை வச்சுக்கிட்டு எப்படிப்பா ஜெயிச்சே?"

"கூப்பிடாத வீட்டுக்குள்ள நுழையறது எங்க பரம்பரை வழக்கம்ணே" என்றது பெருச்சாளி. "எந்த வீட்டுக்குப் போனாலும், கரண்ட் வந்ததும் படம் இன்னும் வரலையேன்னு பெட்டியைத் தட்டித் தட்டித் திட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் அதை மட்டும் சரிபண்ணேன். நீங்க யார் வீட்டுல போய்ப் பார்த்தீங்க?"

கீரி யோசித்தது. மாதம் முழுக்க அது போய்ப் பார்த்த ஒரே இடம் மரங்கொத்தியின் ஜன்னல்.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பெருச்சாளியிடமே வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.

போட்டியாளரையே பார்த்துக்கொண்டிருப்பவன், வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்க்காமல் தோற்பான்.