நூறு பலாவுக்கு ஒரு வெளிமான்

காட்டுக் கதைகளில் சிங்கத்துக்கு இடம் உண்டு. நரிக்கு உண்டு. முயலுக்கும் ஆமைக்கும்கூட உண்டு. சருகுமானுக்கு மட்டும் இடம் கிடையாது. அவள் முயல் உயரம்தான் இருப்பாள். கொம்பு இல்லை, குரல் இல்லை. காய்ந்த இலைகளின் நடுவே அசையாமல் நின்றால் இலையோடு இலையாகிவிடுவாள். அவளைக் காணாமல் கடந்து போனவர்களே இதுவரை கதை சொன்னார்கள். இந்தக் கதை அவளுடையது. அவள் பெயர் நொச்சி.

நொச்சி மேட்டுக்காட்டில் வாழ்ந்தாள். அங்கே தலைவன் ஒரு சிறுத்தை. முள்ளம்பன்றிகள், மந்திகள், முயல்கள் என நாற்பது குடும்பங்கள் அவன் கூட்டத்தில் இருந்தன. கூட்டத்தின் எல்லைக்குள் பிறந்தவரையும், விலை கொடுத்துச் சேர்த்தவரையும் சிறுத்தை தின்னமாட்டான். அது வழக்கம். அந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் அத்தனை பேரும் அவன் நிழலில் கண் மூடினார்கள்.

அந்தக் காட்டில் ஆண்டுதோறும் பனங்காயைப் பந்தாக்கி உதைத்து விளையாடுவார்கள். வென்ற கூட்டத்துக்குப் பெரிய மடுவில் முதல் நீர். மைதானத்தின் புல்லை மட்டமாக மேய்ந்து வைப்பது நொச்சியின் வேலை. ஆறு கோடைகளாக மேய்ந்தாள். யாரும் ஒரு பழம் கூலி தரவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுடைய மகள் தும்பை இடது ஓரத்தில் ஓடினாள். பந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டு வரும்!

காட்டில் ஒரு விதியும் இருந்தது. முன்பு காட்டுப்பன்றிக் கூட்டம் தன் களஞ்சியம் முழுவதையும் கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கியது. கோப்பையை வென்றது. பிறகு பட்டினியில் செத்தது. அந்த எலும்புகளைப் பார்த்த பிறகுதான் விதி பிறந்தது. ஒரு கூட்டம் தன் எல்லையில் விளைந்ததற்கும், தன் ஆட்டக்காரரை விற்றுப் பெற்றதற்கும் மேல் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கக் கூடாது. மீறினால், மிஞ்சிய ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு நாள் மடுவில் நீர் கிடையாது. எண்ணிப் பார்க்கும் பொறுப்பு நாரைக்கு.

அந்த ஆண்டு மேட்டுக்காட்டில் அறுபது பலா விளைந்தது. சிறுத்தை நூறு பலா கொடுத்து ஒரு வெளிமானை வாங்கினான். குறைந்த நாற்பதைப் பக்கத்து மலையிலிருந்த தன் மச்சானிடம் பெற்றான்.

நாரை வந்தது. மணலில் ஒற்றைக் காலில் நின்றது.

"விளைச்சல் அறுபது. கொடுத்தது நூறு. மீதி நாற்பது எங்கிருந்து வந்தது?"

சிறுத்தையின் காரியக்காரன் கீரி முன்னால் வந்து குழைந்தான்.

"ஐயா, எங்கள் வாசலில் ஒரு பாறை இருக்கிறதே, அதற்குத் தலைவரின் மச்சான் பெயரை வைத்தோம். பெயர் வைத்ததற்கு அவர் நாற்பது பலா அன்பளிப்பாகத் தந்தார்! அதுவும் எங்கள் வருமானம்தானே?"

"வேறு யாராவது அந்தப் பாறைக்கு நான்கு பலா கொடுப்பார்களா?"

கீரி வாயை மூடிக்கொண்டான். உடனே மீண்டும் திறந்தான். அவனால் மூடி வைத்திருக்க முடியாது.

"சரி ஐயா! வெளிமான் எட்டுக் கோடை எங்களுக்கு ஆடுவான். நூறை எட்டாகப் பங்கிட்டு, இந்தக் கோடைக்கு ஒரு பங்கை மட்டும் எண்ணுங்களேன்."

"அவன் கால்கள் எட்டுக் கோடை தாங்குமா என்று கால்களைக் கேட்டாயா? கொடுத்தது இந்தக் கோடையில். எண்ணுவதும் இந்தக் கோடையில். மூன்று நாள் தருகிறேன். அதற்குள் நேர் செய்யாவிட்டால் நாற்பது நாள் நீர் இல்லை."

நாரை பறந்துவிட்டது. கூட்டம் நடுங்கியது. நாற்பது நாள்! அந்தக் கோடையில் நான்கு நாளிலேயே நாக்கு வெடிக்கும்.

அன்று மாலை நொச்சி மைதானத்தின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தாள். சிறுத்தையும் கீரியும் அவளுக்கு இரண்டடி தள்ளி அமர்ந்து பேசினார்கள். அவள் அங்கே இருப்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை.

"அடே கீரி, ஏதாவது வழி சொல்!"

"வெளிமானைத் திருப்பி விற்றால் எல்லாம் நேராகிவிடும், தலைவரே. ஆனால் எழுபதுதான் தருவார்கள். நூறுக்கு வாங்கி எழுபதுக்கு விற்றான் என்று காடே சிரிக்கும்."

"சிரிக்கக் கூடாது! வேறு சொல்."

"அப்படியானால் இங்கேயே பிறந்தவரில் ஒருவரை விற்கவேண்டும். அவர்களுக்கு நாம் எதுவும் கொடுக்கவில்லை பாருங்கள், வருவது முழுவதும் ஆதாயம்! அக்கரைக் கழுதைப்புலிகள் ஓர் இளம் ஓட்டக்காரி கேட்கிறார்கள். நாற்பது பலாவும் தருகிறார்கள்."

"யாரைக் கேட்கிறார்கள்?"

"தும்பையை."

"யாரவள்?"

"இடது ஓரத்தில் ஓடுகிறாளே, அந்தப் பொடிசு."

"ஓ, அதுவா? நன்றாக ஓடும். கொடுத்துவிடு."

நொச்சியின் வாயிலிருந்த புல் கீழே விழுந்தது. பின்னங்கால்கள் தாமாகவே தரையைத் தட்டின. சருகுமானுக்கு அச்சம் வந்தால் கால்கள் அப்படித்தான் தட்டும், அடக்குவது கடினம். அக்கரையில் கூட்டத்தாரைத் தின்னாத வழக்கம் கிடையாது. ஆட்டங்கள் முடியும்வரை ஓடவிடுவார்கள். முடிந்த மறுநாள் விருந்து. அங்கே போன ஓட்டக்காரர் ஒருவரும் இரண்டாவது கோடையைக் கண்டதில்லை.

மறுநாள் காலையில் அவள் சிறுத்தையின் குகைக்குப் போனாள்.

"தலைவரே, என் மகளை விற்க வேண்டாம்."

"நீ யார்?"

"ஆறு கோடைகளாக உங்கள் மைதானத்தை மேய்கிறவள்."

சிறுத்தை வியப்போடு கீரியைப் பார்த்தான். "அதற்கெல்லாமா ஆள் இருக்கிறது? புல் தானாகவே குட்டையாக வளர்கிறது என்றல்லவா நினைத்தேன்!"

கீரி விழுந்து விழுந்து சிரித்தான். நொச்சி திரும்பி வந்தாள்.

வழியில் முள்ளம்பன்றி மறித்துக்கொண்டாள். அவள் கெட்டவள் அல்லள். நொச்சியின் புதருக்கு அடுத்த வளையில் இருப்பவள். மழைநாளில் கிழங்கு கொடுத்தவள்.

"நொச்சி, தகராறு செய்யாதே! உன் ஒரு பிள்ளைக்காக என் மூன்று பிள்ளைகளும் நாற்பது நாள் நாக்கு வறண்டு சாக வேண்டுமா? நீயே சொல்லு!"

"வெளிமானை விற்கலாமே, அக்கா. யாரும் சாக வேண்டாம்."

"அதைத் தலைவரிடம் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

முட்கள் சிலிர்க்க அவள் போய்விட்டாள். கூட்டம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. எது நியாயம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரிடம் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

புதருக்குள் தும்பை துள்ளிக்கொண்டிருந்தாள். "அம்மா, அக்கரை மைதானம் நம்முடையதைப் போல இரண்டு மடங்காம்! கீரி மாமா சொன்னார். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம்!"

"ஆமாம், பார்ப்பார்கள்" என்றாள் நொச்சி.

அவளிடம் ஓர் உண்மை இருந்தது. இரண்டு கோடைகளாக அதை நெஞ்சுக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால் மகளை விற்க முடியாது. ஆனால் அதைச் சொன்னால் இன்னொரு பல் காத்திருந்தது. இரண்டு நாளும் அவள் மேயவில்லை. அக்கரையின் பற்களையும் இக்கரையின் பற்களையும் மாறி மாறி எண்ணினாள். அக்கரையில் மகள் அடைபட்டிருப்பாள். இக்கரையில் அவளுக்கு முன்னால் ஓட வெளியாவது இருக்கும்.

மூன்றாம் நாள் காலை நாரை வந்து மணலில் நின்றது. நாரை நிற்கும்வரை காட்டில் எங்கும் யாரும் யார் மீதும் பல் பதிக்கக் கூடாது. அதுவும் வழக்கம். ஆற்றங்கரையில் கழுதைப்புலிகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தன.

"நேர் செய்துவிட்டோம், ஐயா!" என்றான் கீரி. "எல்லைக்குள் பிறந்த ஒருத்தியை விற்கிறோம். நாற்பதும் முழு ஆதாயம்!"

நாரை கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. "விதி அதைத் தடுக்கவில்லை. மறுப்புச் சொல்வார் உண்டா?"

முள்ளம்பன்றி தரையைப் பார்த்தாள். வெளிமான் வானத்தைப் பார்த்தான்.

நொச்சி முன்னால் வந்தாள். கால்கள் தட்டிக்கொண்டே இருந்தன. குரல் இலை உரசுவதுபோல வந்தது.

"அவள் எல்லைக்குள் பிறக்கவில்லை."

"என்ன உளறுகிறாய்?" என்று சீறினான் கீரி.

"பெரு வெள்ளம் வந்த ஆண்டில் என்னை நீர் அடித்துக்கொண்டு போயிற்று. மடுவின் நடுத்திட்டில் ஏறினேன். அங்கேதான் ஈன்றேன். அந்தத் திட்டு எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமில்லை. குட்டி விழுந்த அன்றே அதன் இடது காதை ஓர் ஆமை கடித்தது. நாரையாரே, அந்தத் திட்டில் தங்குபவர் நீங்கள்."

நாரை தும்பையின் அருகே வந்து காதைப் பார்த்தது. நுனியில் பிறை வடிவில் ஒரு வெட்டு இருந்தது.

"ஆமையை விரட்டியது நான்தான். இந்தக் காதை நான் மறக்கவில்லை. கீரி, இவள் எங்கே பிறந்தாள் என்று இவள் தாயைக் கேட்டாயா?"

"தாயையா? புல் மேய்கிறவளைப் போய் யார் கேட்பார்கள்?"

"கேட்டிருக்கலாம். இவள் இங்கே பிறந்தவளும் இல்லை, நீங்கள் வாங்கியவளும் இல்லை. உங்களுடையவள் அல்லாதவளை நீங்கள் விற்க முடியாது. மேட்டுக்காட்டுக்கு நாற்பது நாள் நீர் இல்லை!"

கூட்டத்திலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. சிறுத்தை மட்டும் ஓலமிடவில்லை. அவன் மெதுவாக எழுந்து சோம்பல் முறித்தான். ஆறு கோடைகளில் முதன்முறையாக நொச்சியை உற்றுப் பார்த்தான்.

"என் கூட்டத்தவள் இல்லை என்கிறாய். நல்லது. அப்படியானால் அவள் இரை. வெளியாளை உள்ளே மறைத்து வைத்த நீயும் இனி என் கூட்டத்தவள் இல்லை. நாரை பறக்கட்டும். பிறகு பேசிக்கொள்வோம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இரண்டு கோடைகள் பயந்தாள். இப்போது அது வந்தேவிட்டது.

நாரை ஒரு சிறகை விரித்தது. நாரை நொச்சியைப் பார்த்தது. பிறகு விரித்த சிறகை மடக்கிக்கொண்டது.

"களஞ்சியத்தை இன்னொரு முறை எண்ண வேண்டியிருக்கிறது. விதைகளோடு சேர்த்து!"

அது நிதானமாக எண்ணத் தொடங்கியது. பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து எண்ணியது. அந்த நாரை அதுவரை ஒரு முறையும் எண்ணிக்கையை மறந்ததில்லை.

"ஓடு" என்றாள் நொச்சி மகளின் காதில். "மலைக்கு அப்பால் போ. நிற்காதே. என்னைத் திரும்பிப் பார்க்காதே."

"நீ, அம்மா?"

"உன் வேகத்துக்கு என்னால் ஓட முடியாது. ஓடு!"

தும்பை ஓடினாள். பந்து இல்லாமல் அவள் ஓடியதை அன்றுதான் பார்த்தார்கள். மூச்சு விடுவதற்குள் மறைந்துவிட்டாள். நொச்சியும் எதிர்த்திசையில் காட்டுக்குள் நுழைந்தாள்.

கதிர் சாயும் வேளையில் நாரை பறந்தது. சிறுத்தை பாய்ந்தான். இளையவள் எட்டாத தொலைவில் இருந்தாள். மூத்தவளைத் தேடினான். தேக்கிலைச் சருகுகள் குவிந்த ஓர் ஓடையில் இறங்கி நடந்தான். நொச்சி அங்கேதான் இருந்தாள். அவன் மீசை அவள் முதுகின் மேல் உரசியது. அவள் பின்னங்கால்கள் தட்டத் துடித்தன. ஒரு தட்டுப் போதும். அவள் முன்பற்களால் தன் காலையே கடித்து நிறுத்தினாள். வாய்க்குள் இரத்தம் கசிந்தது.

சிறுத்தை நின்றான். முகர்ந்தான். அவள் வாசனை எது, மைதானத்துப் புல்லின் வாசனை எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறு கோடைகளில் ஒரு நாள்கூட அவன் அவளை அறிந்துகொள்ளவில்லை. அவள்மேல் கிடந்த சருகை மிதித்தபடி அவன் கடந்து போனான்.

மேட்டுக்காட்டில் நாற்பது நாள் நீர் இல்லை. புல்லை மேய ஆளும் இல்லை. மைதானத்துக் கோரைகள் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி முழங்கால் உயரம் வளர்ந்து குழிகளை மறைத்தன. பத்தாம் நாள் ஆட்டத்தில் வெளிமானின் கால் ஒரு குழிக்குள் போயிற்று. எலும்பு முறிந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. இனி ஓட முடியாத வெளிமானைச் சிறுத்தை அன்றே தின்றான்.

"விலை கொடுத்தவன் நான்!" என்று உறுமினான்.

காட்டின் வரலாற்றில் அவ்வளவு விலை உயர்ந்த இரையை எவனும் தின்றதில்லை. வழக்கம் முறிந்தது என்று நாற்பது குடும்பங்களுக்கும் புரிந்தது. மறுநாள் விடிவதற்குள் மேட்டுக்காட்டில் சிறுத்தையும் கீரியும் மட்டுமே மிஞ்சினார்கள். முள்ளம்பன்றி தன் பிள்ளைகளில் இருவரோடு கீழ்க்காட்டு மடுவை அடைந்தாள். மூன்றாவதைத் தாகம் வழியிலேயே கொண்டுபோயிற்று.

நொச்சி உயிரோடு இருந்தாள். யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஓடையிலேயே, பாறையில் கசியும் நீரை நக்கிக்கொண்டு மேலும் மூன்று கோடைகள் வாழ்ந்தாள். கடித்த கால் ஆறியும் நொண்டியது. சருகு சரசரத்தால் பாதி வாயில் மேய்ச்சலை நிறுத்திவிடுவாள். தும்பை மலைக்கு அப்பால் நலமாக இருப்பதை நாரை ஒரு முறை வந்து சொன்னது. மகளை அவள் மறுபடி பார்க்கவில்லை.

வெளியே வாங்கிய பெருமையைக் காப்பதற்காக, விலையில்லாதவர் என்று எண்ணி உள்ளிருப்பவரை விற்கத் துணிகிறவன், இறுதியில் பெருமையையும் இழப்பான், உள்ளிருப்பவரையும் இழப்பான்.