பின்சுவரில் தெரிந்த சிவப்பு

“சாமி, புதையல் நகந்து போச்சு.”

கஞ்சிச் சாமி குடிசைக்குள் இருந்தபடியே கேட்டார்.

“எங்கிருந்து?”

“எங்க வீட்டுப் பின்சுவத்து அடியில இருந்து.”

வாசலில் நின்று சொன்னவர் செவந்திலிங்கம். ஐம்பத்திரண்டு வயது. சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் புதையல் காக்கும் பூதத்தைக் கட்டத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

செவந்திலிங்கத்தின் கழுத்தில் ஒரு தெர்மல் கேமரா தொங்கியது. சூடாக இருப்பதைச் சிவப்பாகக் காட்டும் கருவி, அவ்வளவுதான். மண்ணுக்குள் கிடக்கும் தங்கத்தையும் காட்டும் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். ஆசை பிடித்தவனிடம் எதைத்தான் விற்க முடியாது?

“தெனம் சாயங்காலம் சுவத்தோட அடியில செவப்பாத் தெரியும் சாமி. ஒரே இடம். ஒரு பானை அளவு. அஞ்சடி தோண்டிட்டேன். சுவரு வெடிச்சிருச்சு.”

“அப்புறம்?”

“பொம்பளை இருந்தா தீட்டு, புதையல் நகந்துரும்னு மை போட்டுப் பாக்குறவர் சொன்னாரு. எம் பொஞ்சாதி பேச்சியம்மாளை அவ அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். சுவரு உங்க மேல விழுந்துரும், தோண்டாதீங்கன்னு அழுதா. முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி பஸ்ஸுல ஏத்திவிட்டேன்.”

சொல்லும்போது அவர் குரல்கூட இறங்கவில்லை. எனக்கு இதை எழுதவே கை கூசுகிறது.

“இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன்னு சொல்லியனுப்பிட்டா. போனாப் போறா. ஆனா அவ போன மறுநாளே செவப்பைக் காணோம் சாமி. அவளை அனுப்பியும் ஏன் நகந்துச்சு?”

“சாப்பாடு?”

“கடையில தின்னுக்கிறேன்.”

“இந்தக் குடிசையைச் சுத்திப் பின்னால போயிப் பாருங்க” என்றார் சாமி.

செவந்திலிங்கம் போனார். போன வேகத்தில் கத்தினார்.

“சாமி! இங்க வந்துருக்கு! அதே செவப்பு! அதே அளவு!”

மூச்சிரைக்க வாசலுக்கு ஓடிவந்தார்.

“கடப்பாரை இருக்கா?”

“உள்ள மூலையில இருக்கு. எடுத்துக்கோங்க.”

குனிந்து உள்ளே வந்தவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு திரும்பினார். நின்றுவிட்டார்.

பின்சுவரை ஒட்டி அடுப்பு எரிந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்தது.

“உங்க வீட்டு அடுப்பு எந்தச் சுவத்துப் பக்கம்?” என்று சாமி கேட்டார்.

செவந்திலிங்கம் யோசித்தார். இருபத்தாறு வருடமாக அவருக்குச் சோறு கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது.

“தெரியல சாமி.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கடப்பாரை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“நானே போயிக் கூப்பிட்டா வருவாளா சாமி?”

சாமி கஞ்சியை இறக்கி வைத்தார். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தார்.

“சூடு இன்னும் மிச்சம் இருக்கான்னு கேமராவுல பாத்துச் சொல்லுங்க.”