பக்கத்து சீட்டின் எடை

“எதைப் போட்டா இன்னொரு தடவை தப்பு வராதுங்க மேடம்?”

அவினாசியப்பன் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பது இது நான்காவது சனிக்கிழமை.

போத்தனூரில், ரயில்வே லைனை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை. வண்டிகளின் ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் தவிர வேறெதையும் அங்கே தொடுவதில்லை. பட்டறைக்கு ஒரே ஆள், பிலோமினா. பன்னிரண்டு வருஷம் ஒரு ரேஸ் டீமில் அந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர். அவினாசியப்பனுக்கு ஐம்பத்துநான்கு வயது என்றால் பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று.

“உங்க குருவைப் பார்க்கக் கிளம்பியாச்சா?” என்று காலையில் வீட்டில் கேட்டிருந்தாள் மனைவி கோகிலா. “இன்னைக்காவது ஏதாச்சும் சொல்லுவாங்களா? இல்ல, போன வாரம் மாதிரி டீ மட்டும்தானா?”

போன வாரம் டீ மட்டும்தான். எழுந்து வரும்போது பிலோமினா ஒன்று சொன்னார்: “அடுத்த தடவை வண்டியைக் கொண்டு வாங்க. நோட்டைக் கொண்டு வராதீங்க.”

அவினாசியப்பன் இரண்டையும் கொண்டு வந்திருந்தார்.

வண்டி லாரியில் வந்து இறங்கியது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டே சீட்டு. தொண்ணூற்றேழாம் வருஷத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கணபதியில் இருக்கும் அவருடைய வார்ப்படப் பட்டறையின் பின்பக்கம் மூன்று வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

நோட்டு அக்குளில் இருந்தது. அதிலே நான்கு கம்பெனி ஷாக்கப்சர், ஆறு வகை ஸ்பிரிங். எது எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தும், எது எவ்வளவு விறைப்பு, எந்த நாட்டுக்காரன் எதைப் புகழ்ந்தான், அதே நாட்டில் இன்னொருத்தன் எதற்காகத் திட்டினான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

“இருபது மில்லி தாழ்த்தினாப் போதும்ங்கறாங்க சில பேர். நாப்பது தாழ்த்தலைன்னா ஸ்பிரிங் மாத்தறதே வீண்ங்கறாங்க சில பேர். ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா பழைய ஷாக்கப்சர் ஆறு மாசத்தில போயிடுமாம். ரெண்டையும் ஒரே கம்பெனியில வாங்கினா ரொம்ப விறைப்பாம். மூணு வருஷமாப் படிக்கறேனுங்க. படிக்கப் படிக்க இருந்த தெளிவும் போகுது.”

பிலோமினா தரையில் நான்கு எடைத் தட்டுகளைப் பரப்பினார். இருவருமாக வண்டியைத் தள்ளி, ஒரு தட்டுக்கு ஒரு சக்கரமாக நிறுத்தினார்கள். சுவரில் மாட்டிய சின்னத் திரையில் நான்கு எண்கள் எரிந்தன.

“நோட்டைக் குடுங்க.”

கொடுத்தார்.

பிலோமினா அதை இடது பக்க சீட்டில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். எண்கள் அப்படியே இருந்தன.

“மூணு வருஷம் எழுதியிருக்கீங்க. அரைக் கிலோகூட ஏறலையே சார்.”

அவினாசியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அது வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“வண்டி ஓட்டறது யாரு?”

“நாந்தாங்க.”

“ஏறி உட்காருங்க.”

வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். எண்கள் நகர்ந்தன. பிலோமினா குறித்துக்கொண்டு, அவரை இறக்கி, அதே எடைக்கு மணல் மூட்டைகளை எண்ணி அந்த சீட்டில் அடுக்கினார். எண்பத்துமூன்று கிலோ அவினாசியப்பன் ஐந்து மூட்டையாக உட்கார்ந்திருந்தார். நிஜத்தைவிட அமைதியாக.

பிலோமினா இடது பக்கம் வந்தார்.

“இங்க யாரு?”

“யாரும் இல்லீங்க.”

“யாருமே?”

“நான் மட்டுந்தான் இனி.”

“சம்சாரம்?”

“அவளுக்கு இதுல ஏறினாலே தலை சுத்தும். ஏற மாட்டா.”

“சரி” என்றார் பிலோமினா. “ஒரு ஆள் வண்டியாவே வச்சுத் தர்றேன்.” உள்ளே போய் ஒரு ஸ்பேனரோடு வந்து நீட்டினார். “இந்த சீட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.”

“சீட்டை எதுக்குங்க கழட்டணும்?”

“இருந்தா யாராச்சும் உட்காருவாங்க. தாழ்த்தின வண்டி சார். கீழ இறங்க இருக்கிற இடமே கொஞ்சம். ஆளே இல்லைன்னு நினைச்சு வச்ச இடத்தில, எழுபது எண்பது கிலோ ஆள் வந்து உட்கார்ந்தா, பள்ளத்தில விழறப்ப என்ன ஆகும்?”

என்ன ஆகும் என்று அவினாசியப்பனுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார்.

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மண்டியிட்டார்.

நான்கு போல்ட். முதலாவது சுலபமாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் அடம் பிடித்தது. மூன்றாவது வந்தபோது சீட்டு லேசாக ஆடியது.

நான்காவதில் ஸ்பேனரை மாட்டினார். திருப்பவில்லை.

பிலோமினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கூட்ஸ் வண்டி போனது. நீளமான கூட்ஸ். அது முழுக்கப் போய் முடிந்தது.

“முகைதீன்னு ஒருத்தன்” என்றார் அவினாசியப்பன், போல்ட்டைப் பார்த்தபடியே. “உக்கடத்தில மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கான். காலேஜ்ல இருந்து சிநேகிதம். ஞாயித்துக்கிழமை பந்தயங்களுக்கு அவன்தான் எனக்கு நேவிகேட்டர். வளைவு, பாலம், நேரம் எல்லாம் அவன் படிப்பான். நான் ஓட்டுவேன்.”

“ம்.”

“கோத்தகிரி மலைப்பாதையில ஒரு பந்தயம். அதுக்கு மூணு நாள் முந்தி நான் இந்த வண்டியோட ஸ்பிரிங்கை வெட்டினேனுங்க.”

பிலோமினா முதல்தடவையாக முகம் சுளித்தார். “வெட்டினீங்களா?”

“கட்டரை வச்சு, ஒண்ணரைச் சுத்து. புதுசு வாங்கப் பொறுமை இல்லை. தரையோட ஒட்டின மாதிரி நின்னுச்சு வண்டி. நாள் பூரா பாத்துட்டே இருந்தேன். அவன்கிட்டச் சொல்லலை. சொன்னா வேண்டாம்பான்.”

ஸ்பேனரின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

“ஒரு வளைவுல பள்ளம். தனியா ஓட்டிப் பாத்தப்ப தாங்கின வண்டிதான். அன்னைக்கு ரெண்டு பேரு. அடியில இடிச்சு எகிறிச்சு. இடது பக்கமாப் போயித் தேயிலைக்குள்ள சொருகிருச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்குத் தோள் எலும்பு ரெண்டு துண்டு.”

“அப்புறம்?”

“ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை போனேன். மூணாந்தடவை போகலை. அவன் போன் பண்ணினா எடுக்கலை. ஒரு வருஷம் பண்ணினான். அப்புறம் நிறுத்திட்டான்.”

பிலோமினா எழுந்து மணல் மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனார்.

“அவர் எடை என்ன?”

“அப்ப எழுபத்தாறு.”

“அப்ப இல்ல. இப்ப.”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

பிலோமினா ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பவர்போல நின்றார்.

அவினாசியப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

நான்காவது மணியில் மறுமுனை எடுத்தது.

“முகைதீன் ஆப்டிகல்ஸ். யாருங்க?”

“நாந்தான். அவினாசி.”

அங்கே ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. நெடுநேரம் அது மட்டும்தான் கேட்டது.

“உசுரோடதான் இருக்கியா?”

“ம்.”

“போயிருந்தா பேப்பர்ல போட்டிருப்பாங்களேன்னு தினம் பாத்துட்டிருக்கேன்.”

மூன்று வருஷமாக மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த வாசகங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வந்தது வேறு.

“உன் எடை எவ்வளவுடா?”

“என்னது?”

“எடைடா. எத்தனை கிலோ?”

“மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு எடை கேக்கறான் பாரு. என்னைய எடைக்குப் போடப் போறியா?”

“சொல்லு மாப்ளே.”

“எழுபத்தஞ்சு.”

“எண்பத்தாறு!” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கத்தியது. அது முகைதீனின் மனைவி ரஹீமா. “முந்தாநேத்து டாக்டர்கிட்டப் பாத்தது எண்பத்தாறு!”

“நீ சும்மா இரு” என்றார் முகைதீன் அங்கே. பிறகு இங்கே: “எதுக்குடா?”

“வண்டிக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் மாத்தறேன். பக்கத்து சீட்டு எடை கேக்கறாங்க.”

அவினாசியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“முகைதீனு. அன்னைக்கு ஸ்பிரிங்கை வெட்டியிருந்தேன். உங்கிட்டச் சொல்லலை.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கதவைத் தொறந்து உட்கார்ந்தேன், ரோட்டுலயே உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. அந்த சீட்டுல எத்தனை தடவை உட்கார்ந்தவன்டா நான்.”

“அப்பவே தெரியுமா?”

“கிளம்பறதுக்கு முந்தியே.”

“அப்புறம் ஏன்டா இறங்கலை?”

“அழகா இருந்துச்சு” என்றார் முகைதீன்.

அவினாசியப்பனின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி தோள்கள் குலுங்கின. பிலோமினா தோளில் இருந்த மூட்டையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, பார்ப்பதற்கு வேறு ஏதோ இருப்பதுபோலத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“டேய். இருக்கியா?”

“இருக்கேன்.”

“எவ்வளவு தாழ்த்தப் போற?”

மூன்று வருஷமாகப் பதில் தெரியாத கேள்வி. நோட்டு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை.

“நீ சொல்லு” என்றார்.

“அன்னைக்குக் கேட்டிருந்தா தொடாதேன்னு சொல்லியிருப்பேன்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்குத்தான் கேட்டுட்டியே. டயருக்கும் மேல தகட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகட்டும். அதுக்கு மேல தூக்கி வைக்காத, ஆட்டோ மாதிரி இருக்கும். எங்க இருக்க இப்ப?”

“போத்தனூர். ரயில்வே லைன் ஓரம், ஷாக்கப்சர் பட்டறை.”

“இங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர்ல இருந்துட்டா போன்ல எடை கேக்கறே, பரதேசி! அங்கயே இரு” என்றார் முகைதீன். போன் அணைந்தது.

அவினாசியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்பேனரை எடுத்து, மண்டியிட்டு, கழற்றிய மூன்று போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினார். மூன்றாவதை முடுக்கிவிட்டு சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

“எண்பத்தாறு கிலோவுங்க” என்றார்.

பிலோமினா குறித்துக்கொண்டார்.

“உயரம்?”

“ரெண்டு விரல்.”

பிலோமினா அளவு நாடாவோடு சக்கரத்தின் அருகே குந்தினார். நாடாவை இழுத்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

“யார் விரல்?”

அவினாசியப்பன் தன் கையைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார்.

“கொஞ்சம் பொறுங்க மேடம். வந்துட்டிருக்கான்.”