பக்கத்து இலை

ஒரு மாத வேலையாகச் சென்னைக்குப் போன குஞ்சிதபாதம், பாதியிலேயே விட்டுவிட்டு ஆசிரமத்துக்குத் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வந்தவர் நேரே அடுக்களைப் பக்கம் போய், அன்றைக்கு என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் குருவைப் பார்க்கவே போனார்.

குரு ஞானாம்பாள் அம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி இங்கே வந்து சேர்ந்தவர். கழுகுக் கண் அவருக்கு. அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் எட்ட நின்றே சொல்லிவிடுவார். அதனால்தான் ஆசிரமத்துப் புத்தகம் அச்சாகும் இடத்தில் கூடவே இருந்து பிழை திருத்தச் சொல்லி அம்மை அவரை அனுப்பியிருந்தார். குருபூஜைக்குள் புத்தகம் வந்தாக வேண்டும்.

அந்த ஆசிரமத்துப் பந்தியில் ஒரு விதி உண்டு. யாரும் தன் இலைக்கு எதுவும் கேட்கக் கூடாது. பக்கத்து இலையில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத்தான் கேட்க வேண்டும். இவருக்குச் சாதம், அந்த அம்மாவுக்கு மோர் என்று பந்தி முழுக்கக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற ஊர்களில் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவரைப் பார்த்தால் சிரிப்பார்கள். இங்கே அவர்தான் ஒழுங்கான சீடர்.

குஞ்சிதபாதம் அம்மையின் எதிரே உட்கார்ந்து மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். சாப்பாட்டில் குறையில்லை. ஆனால் முதலில் ஒரு கரண்டி சாதம், ஒரு கரண்டி சாம்பார் வைத்துவிட்டுப் போகிறவர், கூப்பிட்டால்தான் மறுபடி வருவார். இவர் எப்படிக் கூப்பிடுவார்? ஊர் மாறினாலும் ஆசிரமத்து விதி விதிதானே. மேசையில் இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒருவர் இவருடைய காலி இலையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து போனார். மூன்றாமவர், இவரைப் போலவே வெளியூரிலிருந்து தனியாக வேலைக்கு வந்தவர், கூச்ச சுபாவம். தினமும் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு பரிமாறுகிறவரையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவராவது நமக்குக் கேட்பார் என்று இவரும் காத்துக் காத்துப் பார்த்தார். ஊகூம்.

"ஒருத்தர் வாயத் திறக்கலம்மா. கல்நெஞ்சுக்காரங்க."

ராத்திரிக்கு வாழைப்பழமும் பன்னும். ஒருநாள் அறையில் தனியாக உட்கார்ந்து பன்னைப் பிய்க்கும்போது அழுகையே வந்துவிட்டதாம். பாவம், பசி பொய்யில்லை. நாளைக்கே திரும்பிப் போகாவிட்டால் புத்தகம் நின்றுவிடும். போனால் உடம்பு நின்றுவிடும்.

கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டார்.

"பெரிய ஊர்ல தனியா இருக்கறவன் வயிறாரச் சாப்பிடறது எப்படிம்மா? ஒண்ணு, விதியத் தளர்த்துங்க. இல்லன்னா, பக்கத்துல உட்கார்ந்து எனக்குக் கேட்கறதுக்கு ஒரு ஆள அனுப்பி வைங்க."

அம்மை சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"ஆள்தானே, கூட்டிட்டுப் போங்க. இப்ப பந்தியில யாரு தானா வந்து உங்க பக்கத்துல உட்கார்றாங்களோ, அவங்களையே கூட்டிட்டுப் போங்க."

குஞ்சிதபாதத்துக்கு உயிர் வந்தது. மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் நடு வரிசையில் உட்கார்ந்தார். ஆட்கள் வந்தார்கள். எதிர் வரிசை நிரம்பியது. அவர் வரிசையில் அந்தக் கோடி நிரம்பியது, இந்தக் கோடியும் நிரம்பியது. அவருக்கு இரண்டு பக்கமும் மட்டும் இலை போட்டபடி காலியாகக் கிடந்தது. வழக்கமாக நடப்பதுதான். முன்னாள் தாசில்தார் என்ற மரியாதை என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். இன்றைக்கு ஏனோ அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக மாட்டுக் கொட்டகையிலிருந்து ராசாங்கம் ஓடி வந்தார். வேறு இடமில்லை. குஞ்சிதபாதத்தைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், திரும்பி அடுக்களைக்குள் போனார். வெளியே வரும்போது ஒரு கையில் ரசம் நிரம்பிய சொம்பு, இன்னொரு கையில் மோர் டம்ளர். இரண்டையும் தன் இலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, "ஐயாவுக்கு நெய்" என்று விதிப்படி குரலும் கொடுத்தார்.

நெய் வந்தது. குஞ்சிதபாதம் பிசையத் தொடங்கியவர் நிறுத்தினார்.

"இது எதுக்கு, சொம்பும் டம்ளருமா?"

ராசாங்கம் நெளிந்தார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் பொரியலில் ஆழ்ந்துபோனார்கள்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. உங்க பக்கத்துல உட்கார்ந்தா எல்லாருமே இப்படித்தான். முன்கூட்டியே எடுத்துட்டு வந்துருவோம்."

குஞ்சிதபாதம் முதன்முறையாகப் பக்கத்து இலையைப் பார்த்தார். சாதம் இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுச் சாம்பார் இல்லை. காது மடல் வரைக்கும் அவருக்குச் சூடேறியது. "இவருக்குச் சாம்பார்" என்று சொன்னார். குரல் சரியாக வரவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த தனகோட்டி அப்படியே நின்றுவிட்டார். காதில் விழுந்தது சரிதானா என்று அம்மையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்.

ராசாங்கம் சொம்பை மெல்ல இலைக்குப் பின்னால் நகர்த்தினார்.

பந்தி முடிந்தது. எல்லாரும் எழுந்து கை கழுவப் போனார்கள். குஞ்சிதபாதம் மட்டும் கை காய உட்கார்ந்திருந்தார். அம்மை அந்தப் பக்கமாக வந்தபோது தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"இங்க என் மேல தப்புதாம்மா, ஒத்துக்கறேன். இங்க எல்லாருக்கும் விதி தெரியும். ஆனா அந்த மெஸ்ஸுல ஒருத்தருக்குக்கூட இப்படி ஒரு விதி இருக்கறதே தெரியாதே. அங்க நான் என்ன பண்றது?"

அம்மை குனிந்து அவருடைய இலையை எடுத்துக்கொண்டார்.

"விதி தெரிஞ்சவர் ஒருத்தர் அந்த மேசையில இருந்தாரே."