முதலில் என்ன செய்வீர்கள்?

பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் பியூலாவின் பயிற்சி வகுப்பு நடந்தது. வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்காரர்கள் வைக்கும் உரிமத் தேர்வில் தேற வேண்டும். அதற்குத்தான் அங்கே பாடம். இரண்டே அறைகள். ஒன்றில் பெஞ்சுகள் கிடந்தன. மற்றதில் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலும், கைப்பழக்கத்துக்கு அதில் படுக்கவைத்த ஒரு ரப்பர் பொம்மையும்.

பியூலா அதிகம் பேச மாட்டாள். கேள்வி கேட்டால் அவளிடமிருந்து பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும் என்று படிக்கிற பெண்கள் சொல்வார்கள்.

அவர்களில் மூத்தவள் இசக்கியம்மாள். கல்லூரியில் பியூலாவுக்கு சீனியர். அப்போது 'அக்கா, அக்கா' என்று தன் பின்னால் சுற்றிய பெண்ணை இப்போது அவள் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். வேண்டாமென்று பியூலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சொல்லித் தர்றவ மேடம்தான். அதுல வயசு எங்க இருந்து வந்துச்சு?" என்றுவிட்டாள் இசக்கி.

இசக்கி அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால், மகள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. நர்சிங் என்று போட்டிருக்கிறதா என்று அவள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். போடாதவர்கள் வீட்டுப் பந்தியில் அவர் கை நனைப்பதில்லை.

அந்த இசக்கி உரிமத் தேர்வில் மூன்று முறை தவறியிருந்தாள். முதல் முறை, பதற்றம் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை, கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்றாள். மூன்றாம் முறை சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 'விசா வரணும், அவ்வளவுதான்' என்று அப்பா மட்டும் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு முறைக்குமேல் எழுத விடமாட்டார்கள். நான்காவது முறைக்குப் பதிவு செய்ய அன்று மாலையோடு கெடு முடிகிறது.

ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடிந்த கையோடு இசக்கி மாடியேறி வந்தாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நான் நிறுத்திக்கிடுதேன்."

பியூலா வெள்ளைப் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நாலாவது எழுதலையாக்கா?"

"எழுதினா நாலு தடவை பெயில். எழுதலைன்னா மூணோட நிக்கும்லா."

பெஞ்சில் இருந்த ஷெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரி முடித்து வருஷம் திரும்பாத பெண். "நல்லா இருக்கே அக்கா இந்தக் கணக்கு! முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் பிளஸ் டூ கெமிஸ்ட்ரியே எழுதியிருக்க மாட்டேன்."

"நீ பேசாத பிள்ள. பொம்மைக்கு நீலத்துல கோடு போட்டு நரம்பு வச்சிருக்கு. அதுலயே உனக்கு ஊசி ஏறல."

ஷெரின் நோட்டைப் புரட்டத் தொடங்கினாள்.

இசக்கி ஓரடி உள்ளே வந்தாள். "போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். எனக்கு என்னதான் தெரியல? மருந்துக் கணக்கு சரியாப் போடுதேன். நோயப் பத்திக் கேட்டா சொல்லுதேன். என் வார்டுல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் படுக்கைப் புண் வந்ததில்ல. யாரை வேணும்னாலும் கேளுங்க. பெறகு எங்கதான் தவறுதேன்?"

கேட்டுவிட்டு அவள் பியூலாவையே பார்த்தாள். தலை குனியவில்லை.

பியூலா திரும்பினாள். "'முதலில் என்ன செய்வீர்கள்'னு கேட்டு நாலு விடை கொடுத்திருப்பாங்களே, அதுக்கெல்லாம் என்ன போட்டீங்க?"

"டாக்டருக்குத் தெரிவிப்பேன்னு போட்டேன்."

"மூணு தடவையுமா?"

"வேற எதைப் போட? மத்த விடையெல்லாம் சில்லறை வேலை மேடம். படிச்ச நர்ஸு சொல்லுத பதிலா அது?"

"அது தப்புன்னு வகுப்புல சொன்னேன்லா?"

"சொன்னீங்க. இங்க இருக்கும்போது மண்டையில ஏறுது. அங்க போய் உட்கார்ந்தா பொய் சொல்லுத மாதிரி இருக்கு. வார்டுல டாக்டரைத்தானே முதல்ல கூப்பிடுதோம்? செய்யாததைச் செய்வேன்னு எப்படிப் போட?"

பியூலா டஸ்டரை மேசையில் வைத்தாள். கையில் ஒட்டிய மையைத் துடைத்தாள்.

"சரிக்கா, போங்க. போறதுக்கு முன்னால அந்தக் கட்டில் விரிப்பை மட்டும் சரி பண்ணிட்டுப் போங்க. இதுங்க விரிச்சது பார்க்கச் சகிக்கல."

இசக்கி பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். விரிப்பு ஒரு பக்கம் தரையில் தொங்கியது. பொம்மை கோணலாகக் கிடந்தது. அப்படி ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போக அவளால் முடியாது.

"இப்படியா பிள்ள விரிப்பாங்க? சுருக்கம் இருந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று ஷெரினைத் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். பொம்மையைப் புரட்டி, விரிப்பை இழுத்து, ஒரு மூலையை மடித்துச் செருகினாள். அடுத்த மூலைக்குக் குனிந்தாள்.

"சிஸ்டர்!" பியூலாவின் குரல் வாசலிலிருந்து அலறியது. "ஐயாவுக்கு மூச்சு வாங்குது! படுக்க முடியலங்காரு!"

இசக்கி நிமிரக்கூட இல்லை. அப்படியே கால்மாட்டுக்கு நகர்ந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். தலைமாடு கிறீச்சிட்டு எழும்பியது. ஓடிப்போய்ப் பொம்மையின் முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக் கொடுத்தாள். அதன் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். ரப்பர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லய்யா. மெதுவா, மெதுவா இழுத்து விடுங்க. நான் இங்கதான் நிக்கேன்."

பிறகு தோளுக்கு மேல் திரும்பிக் கத்தினாள். "ஏ பிள்ள, டாக்டரைக் கூப்பிடு!"

ஷெரின் ஓடியேவிட்டாள். பாதிப் படிக்கட்டு இறங்கிய பிறகுதான் கீழே இருப்பது பல் டாக்டர் என்று உறைத்தது. திரும்ப ஏறி வந்தாள்.

பியூலா கதவில் சாய்ந்து நின்றாள். குரல் பழையபடி தணிந்திருந்தது.

"முதல்ல என்னக்கா செஞ்சீங்க?"

"டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்."

"ஷெரின்?"

ஷெரினுக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. "இல்ல மேடம். கட்டிலைத் தூக்குனாங்க. தலையணை வச்சாங்க. பட்டனைக் கழத்துனாங்க. பொம்மைகிட்ட ஆறுதல் சொன்னாங்க. பெறகுதான் என்னைய விரட்டுனாங்க."

"அதெல்லாம் ஒரு காரியமா?" என்றாள் இசக்கி. "அது கை பாட்டுக்குச் செய்யுது."

"டியூட்டி முடியும்போது நோட்ஸ்ல என்ன எழுதுவீங்க?"

"'மூச்சுத் திணறல். மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.'"

"கட்டிலைத் தூக்கினது?"

"அதை யாரு மேடம் எழுதுவா?"

கேட்டுவிட்டு இசக்கி அப்படியே நின்றாள்.

எத்தனையோ பேருக்கு அவள் அந்தக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறாள். டாக்டர் வரும்போது ஆள் தலையணையில் சாய்ந்து, முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பார். 'இப்ப பரவாயில்லையே' என்பார் டாக்டர். வீட்டுக்காரர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள். இசக்கியும் ட்ரேயைப் பிடித்தபடி பின்னால் நின்று சந்தோஷப்படுவாள். டாக்டர் வருவதற்குள் மூச்சு எப்படிச் சீரானது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பொம்மையின் தோளில் இருந்த தன் கையைப் பார்த்தாள். குளோரின் வாசம் போகாத கை. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தது.

"மூச்சு வாங்குத கேள்வியில அந்த விடை இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "'கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவேன்.' மூணு தடவையும் இருந்துச்சு மேடம். நர்ஸு பதில் மாதிரி இல்லையேன்னு தள்ளிட்டுப் போயிட்டேன்."

"அப்போ அக்கா பாஸுதானே மேடம்?" என்றாள் ஷெரின்.

பியூலா மேசைக்குப் போய் டஸ்டரை எடுத்தாள்.

இசக்கி விட்ட இடத்திலிருந்து விரிப்பை எடுத்தாள். மீதி மூலைகளையும் மடித்துச் செருகினாள். ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சுருக்கம் இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"தள்ளி உட்காரு பிள்ள."

ஷெரின் தள்ளி உட்கார்ந்தாள். இசக்கி செல்போனை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். பெயரை அடித்தாள். பிறந்த தேதி. கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.எஸ்ஸி. நர்சிங் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தாள். எத்தனையாவது முயற்சி என்று கேட்டது. நான்கு என்று அடித்தாள்.

கடைசிப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மேடம், பதிஞ்சிரட்டுமா?"

பியூலா மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"என்னைய எதுக்குக் கேக்கீங்க? டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுப் போயாச்சுக்கா. பேஷன்ட் பக்கத்துல நீங்கதான் நிக்கீங்க."